புடலைப் பந்தலில் ஒரு முழங்கால்

கல்லைக் கட்டி முடித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று பார்த்தால் முழங்கால் வரவில்லை. புடலம்பிஞ்சு சுருண்டுவிடாமல் நேராக இறங்க வேண்டுமானால் நுனியில் ஒரு சின்னக் கல்லை வாழைநாரில் கட்டித் தொங்கவிட வேண்டும். அதற்காகத்தான் சிகாமணி பந்தலுக்கு அடியில் குனிந்து, குனிய முடியாத இடத்தில் தவழ்ந்து, கிழக்குக் கோடியில் வலது முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். ஊன்றிய கால் ஊன்றியபடியே பூட்டிக்கொண்டது. இடது காலையும் பக்கத்தில் இழுத்து வைத்தால் வலி கொஞ்சம் மட்டுப்படுகிறதே என்று இழுத்து வைத்தார். இப்போது இரண்டு முழங்காலும் மண்ணில். எழுபத்து நாலு வயசு மனுஷன், ஞாயிற்றுப் பள்ளிப் படியிறங்கிய நாள் முதலாக எவன் முன்னாலும் எதன் முன்னாலும் முழந்தாளிடாத மனுஷன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு ஒரு புடலைக் கொடியின் முன்னால் முழந்தாளிட்டு நிற்கிறார். பத்தடி தூரத்தில் சன்னல். சன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் வீட்டு முன்னறையில் ஜெபக்கூட்டம். எப்சிபா என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும், பெண்டாட்டி ஓடி வருவாள். அவள் மட்டுமா வருவாள்? எட்டுப் பெண்களும் வருவார்கள், பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற போதகர் ஐயரும் வருவார். வந்து பார்த்தால் இந்தக் கோலம். மூங்கில் காலைப் பிடித்து எழும்பலாம் என்றால் அது கரையான் தின்ற கால், தொட்டால் பந்தல் தலையில் இறங்கும். மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று மூன்று மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அவரேதான். சொல்வதற்கு அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

கொஞ்ச நேரம் பார்ப்போம், தானாக விடும். போன சித்திரையில் குளியலறையில் இப்படிப் பூட்டியபோது கால் மணி நேரத்தில் விட்டது. இது லத்திக்கால். மில் வாசலில் மறியல் நடந்தபோது விழுந்த அடி. மேடையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இந்தத் தழும்பைக் காட்டி, இது என் பட்டயம், இது என் பதக்கம் என்று எத்தனை ஊரில் பேசியிருக்கிறார். பதக்கம் இப்போது பல்லைக் கடிக்கவைக்கிறது. ஒரு கட்டெறும்பு கணுக்காலில் ஏறுகிறது. தட்டலாம் என்று கையை இறக்கினால் உடம்பு சாய்கிறது, சாய்ந்தால் வலி இடுப்புக்கு ஏறுகிறது. ஏறட்டும் எறும்பு. புடலைப் பூவுக்கு இந்த நேரத்தில் ஒரு வாடை உண்டு, விரியப் போகிற வெள்ளை மொட்டின் வாடை. அதோடு காலையில் போட்ட வேப்பம்புண்ணாக்கின் கசப்பு. இந்தத் தோட்டம் முதலில் எப்சிபாவுடையது. அவள் விதையை உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டுத்தான் ஊன்றுவாள், முதல் காயைப் பறித்து சபையின் அறுப்பின் பண்டிகைக்குக் கோவிலுக்குக் கொண்டுபோவாள். கோவிலுக்கு ஏன், தண்ணி ஊத்தினவனுக்குக் குடு என்பார் சிகாமணி. தண்ணி யாரு குடுத்தாவ என்பாள் அவள். பஞ்சாயத்து என்பார் இவர். மில்லிலிருந்து ஓய்வு பெற்று, தொழிற்சங்கத்திலும் இளையவர்கள் நாற்காலியை மெதுவாக நகர்த்திப் போட்ட பிறகு, அவர் கைக்கு வேறு வேலை இல்லை. பந்தல் போட்டார், பாத்தி வெட்டினார், அசுவினிப் பூச்சிக்குச் சாம்பல் தூவினார், வருகிறவர்களிடம் வெண்டைக்காயைக் காட்டி உழைப்பின் மதிப்பைப் பற்றிப் பேசினார். சங்கக் கூட்டத்தில் கேட்காததை வெண்டைச் செடிகள் நின்று கேட்டன.

உள்ளே பாட்டு முடிந்தது. இனி ஜெபம். யார் தொடங்குவார்? ஐயர் என்றால் பத்து நிமிஷம், கனகபாய் டீச்சர் என்றால் அரை மணி. ஐயர்! இந்தப் பக்கத்துச் சபைகளில் போதகரை இன்றைக்கும் ஐயர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எந்தப் படியில் ஏறவிடவில்லை என்று தாத்தன்மார் வேதத்துக்கு வந்து கிறிஸ்தவர் ஆனார்களோ, அந்தப் படியின் பெயரை எடுத்துத் தங்கள் போதகருக்குச் சூட்டிக்கொண்டார்கள். இருபத்தெட்டு வயசில் இதைப் பற்றி எட்டுப் பக்கத்தில் துண்டுப் பிரசுரம் போட்டார். தலைப்பு, 'நம் ஐயர் யாருக்கு ஐயர்?' கோவில் வாசலில் நின்று தானே விநியோகித்தார். மறுவாரம் சபைப் பதிவேட்டில் அவர் பேரில் சிவப்புக் கோடு. கோடு போட்டவர் செத்துப் போனார், அவருக்குப் பின்னால் பதினோரு ஐயர்கள் வந்து போனார்கள், கோடு மட்டும் அழியவில்லை. அதுவும் ஒரு பதக்கம்தான். இப்போதிருக்கிற சற்குணம் ஐயர் சின்னப் பையன், நல்ல பையன். வந்தவுடன் தோட்டத்துக்கு வந்து, ஐயா கத்தரிக்கு என்ன உரம் போடுறீங்க என்று கேட்டான். நல்ல பையன்களிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கெட்டவனை எதிர்த்து ஊர்வலம் போகலாம், நல்லவனை என்ன செய்வது.

"எங்கள் பரம தகப்பனே," என்று கனகபாய் டீச்சரின் குரல் எழுந்தது. அரை மணிதான். முப்பது வருஷம் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த குரல், சன்னலைத் தாண்டி, வெண்டைப் பாத்தியைத் தாண்டி, பந்தலுக்குள் வந்து உட்கார்ந்தது. "இந்த வீட்டின் தலைவனை உம்முடைய சமுகத்திலே வைக்கிறோம் ஆண்டவரே. எத்தனை வருஷமாய் வைக்கிறோம், உமக்குத் தெரியும். அவருடைய கடின மனதை உடையும். அவருடைய முழங்கால் உமக்கு முன்பாக மடங்கட்டும் தகப்பனே. இன்றைக்கே மடங்கட்டும்." ஆமென், ஆமென் என்று பெண்கள். சிகாமணிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மடங்கிவிட்டதடி அம்மா, மடங்கி அரை மணி ஆகிறது, நிமிர்த்தச் சொல்லி ஒரு விண்ணப்பம் போடு. ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது. இப்போது யாராவது கொல்லைப்பக்கம் கை கழுவ வந்தால்? ஒருத்தி பார்த்தால் போதும். இன்றைக்கே மடங்கட்டும் என்று கேட்டார்கள், கேட்ட மாத்திரத்தில் மடங்கியது. அதற்கு மேல் சாட்சி எதற்கு? அடுத்த கன்வென்ஷனில் மேடையேற்றிவிடுவார்கள். இன்ன ஊரில் ஒரு நாத்திகர் இருந்தார், புடலைப் பந்தலுக்கு அடியில் கர்த்தர் அவரைச் சந்தித்தார் என்று ஒலிபெருக்கியில் சொல்லுவார்கள். சவ்வு கிழிந்தது, எலும்பு மாட்டிக்கொண்டது, இது இயந்திரக் கோளாறு என்று இவர் எட்டுப் பக்கமல்ல எண்பது பக்கம் எழுதினாலும் எவனும் படிக்க மாட்டான். ஆனை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள். ஆனை முழங்காலிட்டால்?

மாடசாமி இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். எங்கிருந்து வந்தான் இவன் நினைப்புக்கு? செத்துப் பதினைந்து நாளாகிறது, செத்தவன் செத்த இடத்தில் இருக்காமல். ஒரே தறிக்கூடம், ஒரே மறியல், ஒரே லாரியில் ஏற்றி ஒரே கிளைச்சிறைக்குக் கொண்டுபோனார்கள். இருபத்தேழு பேர். இனி எந்தப் போராட்டத்திலும் கலந்துகொள்ள மாட்டேன், செய்ததற்கு வருந்துகிறேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் வெளியே போகலாம் என்றார்கள். முதல் வாரம் எவனும் தொடவில்லை. இரண்டாம் வாரம் வரிசை நின்றது. மாடசாமி பதினாலாம் நாள் போட்டான், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். கடைசியில் சிகாமணி மட்டும். பத்தொன்பதாம் நாள் தாளும் கேட்கவில்லை, கையெழுத்தும் கேட்கவில்லை, கதவைத் திறந்துவிட்டார்கள். அரசு பணிந்தது. கையெழுத்துப் போடாத சிகாமணி என்று சுவரில் எழுதினார்கள். மாடசாமியை அதற்கப்புறம் எங்கே பார்த்தாலும், பேனா இருக்கா மாடசாமி, ஒரு கையெழுத்து வேணும் என்பார். டீக்கடையில், சங்க ஆண்டு விழாவில், அவன் மகள் கல்யாணப் பந்தியில், சாம்பார் வாளிக்கும் பாயசத்துக்கும் நடுவில். நாற்பத்திரண்டு வருஷம். அவன் ஒருநாளும் திருப்பிச் சொன்னதில்லை. சிரிப்பான், காதைச் சொறிவான், சரி அண்ணாச்சி என்பான். திருப்பிச் சொல்ல என்ன இருக்கிறது அவனிடம்? அவன் செத்தபோது எப்சிபா சேலையை மாற்றிக்கொண்டு வாசலில் நின்று, வாரியளா என்று கேட்டாள். கையெழுத்து வேணும்னா வாரேன் என்றார். நல்ல பதில் என்றுதான் அப்போது தோன்றியது. அவள் தனியாகப் போனாள். இப்போது கட்டெறும்பு முழங்காலுக்கு வந்துவிட்டது.

"சாட்சி சொல்ல விரும்புகிறவங்க சொல்லலாம்," என்றார் ஐயர். வழக்கமான மௌனம், வழக்கமான தொண்டைச் செருமல். பிறகு வழக்கமில்லாத ஒரு குரல். எப்சிபாவின் குரல். அவள் சாட்சி சொல்கிறவள் இல்லை, காப்பி போடுகிறவள். "நான் ஒரு காரியத்த மறச்சு வச்சிருக்கேன்," என்றாள். "நாப்பத்திரெண்டு வருஷம். எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருந்தேன், அவர் இருக்கிற மட்டும் வாய தொறக்க மாட்டேன்னு. இப்ப அவர் போயிட்டாரு. முதல்ல சபையில சொல்லுதேன், பொறவு அவியள்ட்ட சொல்லுதேன். தனியா அவியள்ட்ட சொன்னா என்னைப் பேசவிட மாட்டாவ." பெண்கள் சிலர் மெல்லச் சிரித்தார்கள். எப்சிபா சிரிக்கவில்லை. "மறியல்ல அவியளப் பிடிச்சிட்டுப் போன சமயம். பிள்ளைக்கு ஆறு மாசம், காய்ச்சல் எறங்கல..." குரல் தழுதழுத்து நின்றது. தண்ணி குடிம்மா என்று யாரோ சொன்னார்கள். செம்பு பாயில் உரசுகிற சத்தம்.

நாற்பத்திரண்டு வருஷம். யாருக்கு வாக்கு? சிகாமணியின் மனசு அந்தக் கேள்வியைத் தொட்டுவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் ஓடியது. பிஞ்சின் நுனியில் கல் ஆடுகிறது, கூழாங்கல், அது கொஞ்சம் கனம் கூடவோ, பிஞ்சு முறிந்துவிடுமோ. பத்தொன்பதாம் நாள் காலையில் சிறை எழுத்தர் கூப்பிட்டது இப்போது ஏன் ஞாபகம் வரவேண்டும்? ஞானசிகாமணி, சாமானை எடுத்துக்கிட்டு வாரும். ஞானசிகாமணி. அன்றைக்கே அது காலில் முள்ளாகக் குத்தியது. அது ஞானஸ்நானப் பேர். சபையோடு சேர்த்து அந்த ஞானத்தையும் வெட்டி எறிந்து வருஷங்கள் ஆகியிருந்தன. போலீஸ் பதிவில் சிகாமணி, சங்க ரசீதில் சிகாமணி, மில் வருகைப் பதிவேட்டில் சிகாமணி. அந்தப் பேர் இருந்தது இரண்டே இடத்தில்: சிவப்புக் கோட்டுக்கு அடியில் சபைப் பதிவேட்டில், அப்புறம் எப்சிபாவின் கல்யாண ஓலையில். எழுத்தர் எங்கே பார்த்துப் படித்தான்? கையில் ஏதோ தாள் இருந்தது. தாள் இருந்தது. கிளைச்சிறையில் எழுத்தர் கையில் தாள் இல்லாமல் தாம்பாளமா இருக்கும்? தாள் இருந்தது, அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டான், கூப்பிட்டுவிட்டு இவரைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரித்தான், அது தோற்றவனின் சிரிப்பு என்று இவர் நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொண்டு மாலையை வாங்கினார், லாரி மேல் ஏறி நின்று ஒன்றரை மணி நேரம் பேசினார். சுவரில் எழுதினார்கள். எழுதியது கரிக்கட்டை, மழையில் போயிருக்கும். போகவில்லை. கனகபாய் டீச்சருக்குத் தெரியும், அந்த ஐயருக்குத் தெரியும், ஊரில் பால்காரனுக்குத் தெரியும், கையெழுத்துப் போடாத சிகாமணி. அவரிடம் வேறு என்ன இருக்கிறது? மில்லை மூடிவிட்டார்கள். சங்கம் இரண்டாகி நாலாகி லெட்டர் பேடாகிவிட்டது. இந்த ஒன்று மிச்சம். அந்த ஒன்றை இதோ உள்ளே, காப்பி தம்ளர்களுக்கு நடுவில், இவள் ஒரு மடக்குத் தண்ணி குடித்துவிட்டு உடைக்கப் போகிறாள். கூப்பிடு. இப்போதே கூப்பிட்டால் நிறுத்திவிடுவாள். கூப்பிட்டால் வந்து முழங்காலைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும், முழங்கால் பெரிதா கையெழுத்து பெரிதா? முழங்காலிட்டான் என்பது பொய், பொய்யை மறுக்கலாம். கையெழுத்து? அவர் போடவில்லையே, அதுவும் பொய்தானே. பொய்தான், ஆனால் அந்தப் பொய்யில்தானே வெளியே வந்தார். அந்தப் பொய்தானே கதவைத் திறந்தது. அப்படியானால் சுவரில் எழுதியது? அப்படியானால் பேனா இருக்கா மாடசாமி?

"அந்தத் தாள்ல நான்..." என்று எப்சிபா மறுபடி தொடங்கினாள்.

"பாம்பு!" என்று கத்தினார் சிகாமணி. எங்கிருந்து வந்தது அந்தச் சொல் என்று அவருக்கே தெரியாது. ஐயாயிரம் பேருக்கு ஒலிபெருக்கி இல்லாமல் பேசின தொண்டை. "பாம்பு! பாம்பு!"

உள்ளே பாய் புரண்டது, தம்ளர் உருண்டது. முதலில் ஐயர், கையில் யாருடைய குடையோ. பின்னால் பெண்கள், ஒருத்தி கையில் விளக்குமாறு. எல்லாருக்கும் கடைசியில் எப்சிபா, ஓடாமல், நடந்து. ஐயர் குனிந்து பந்தலுக்குள் குடையை நீட்டி, "எங்க ஐயா? எங்க?" என்றார். இரண்டு முழங்காலையும் மண்ணில் ஊன்றி, இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துக்கொண்டு, வேர்த்து வழிய நின்ற மனுஷரைச் சுற்றி ஏழெட்டுப் புடலங்காய்கள் பச்சையும் வெள்ளையும் வரிவரியாக ஆடிக்கொண்டிருந்தன.

கனகபாய் டீச்சர் அதைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "புடலங்காய்க்கா இந்தச் சத்தம் போட்டிய?" என்றார். "லத்திக்குப் பயப்படாத ஆளு!" ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்திக்குத்தான் முழங்கால் கண்ணில் பட்டது. "டீச்சர், ஐயாவப் பாருங்க. முழங்கால் போட்டிருக்காவ." எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பிறகு டீச்சரின் குரல் மேலே போனது: "ஸ்தோத்திரம்!"

"கால் பூட்டிக்கிட்டு," என்றார் சிகாமணி. "சவ்வு. இது சவ்வு." யார் கேட்டார்கள்.

எப்சிபா பந்தலைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள், நடுவில் இருக்கிற பத்தடியைக் கண்ணால் அளந்தாள். பாம்புக்குப் பயப்படுகிற ஆள் இல்லை அவர் என்று அவளுக்குத் தெரியும். போன ஐப்பசியில் சாரையை வாலைப் பிடித்துச் சுழற்றி வேலிக்கு வெளியே எறிந்தவர். அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்து தங்கியது, கோபமில்லை. "பிடிங்க ஐயரே," என்றாள். "வலது கால மடக்கபடாது, அப்படியே தூக்குங்க." ஐயர் அக்குளில் கை கொடுத்தார், எப்சிபா இடுப்பைப் பிடித்தாள். தூக்கும்போது ஐயர்ப் பையனின் சட்டையில் சவுக்காரம் மணத்தது. தூக்கிக்கொண்டுபோய் முன்னறையில், ஜெபக்கூட்டத்துக்கு நட்டநடுவில், பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். காலை ஒரு ஸ்டூலில் நீட்டினார்கள். யாரோ தைலம் தேய்த்தார்கள். முப்பத்தைந்து வருஷமாக எந்த அறைக்குள் அவர்கள் கூடும்போது கால் வைக்க மாட்டேன் என்றிருந்தாரோ, அந்த அறையில், நாற்காலியில், எல்லாரும் பார்க்க.

"தைலம் பிடிக்கட்டும்," என்றாள் எப்சிபா. "உக்காருங்க எல்லாரும். நான் முடிக்கல."

"பொறவு பேசிக்கலாமேம்மா," என்றார் ஐயர், இவரை ஒரு பார்வை பார்த்து.

"இல்ல ஐயரே. உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். சிகாமணி வாசலைப் பார்த்தார். வாசல் ஆறடி. ஆறடியும் ஆறு மைல். வாயைத் திறந்தால் அவருக்கு எப்போதும் ஒரு வழி பிறக்கும், மாவட்ட ஆட்சியர் முன்னால் பிறந்தது, மில் நிர்வாகி முன்னால் பிறந்தது. ஒரு வழி பிறந்தது. அவரே சொல்லிவிட்டால்? மற்றவள் சொன்னால் அவமானம், தானே சொன்னால் தியாகம். பிள்ளைக்காகப் போட்டேன், தகப்பன்தானே நானும் என்றால் யார் குறை சொல்ல முடியும்? அவள் பேரும் கெடாது. அப்படியே ஒரு பேச்சு மனசுக்குள் கட்டிக்கொண்டு எழும்பியது, ஏற்ற இறக்கத்தோடு.

"எப்சிபா, நீ இரு," என்றார். தொண்டையைச் செருமினார். "அந்த மன்னிப்புக் கடிதம் நான் போட்டதுதான். நானே சொல்லுதேன். கையெழுத்து என்னுது."

அவள் திரும்பினாள். கல்யாணமான இந்த நாற்பத்துநாலு வருஷத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"உங்களுது இல்ல," என்றாள். "எழுதினது நான், போட்டது நான். நரகத்துக்குப் போனாலும் அதுக்கு நான்தான் போவேன். ஊர்ல உள்ள போராட்டமெல்லாம் உங்க பேர்ல இருக்கட்டும். என் பாவத்தையாவது எனக்கு விட்டுக்குடுங்க."

கனகபாய் டீச்சர் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. எப்சிபா சபையைப் பார்த்துத் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி முதலிலிருந்து தொடங்கினாள். பிள்ளைக்குக் காய்ச்சல். வீட்டில் குருணை கிடையாது. அப்போது சிறையிலிருந்து வெளியே வந்த ஒருத்தர் வாசலில் வந்து நின்றார். "அவர்தான் தாளக் குடுத்தாரு. நீ எழுது தங்கச்சி, அவன் பேரப் போடுன்னாரு. எனக்கு எந்தப் பேரப் போடணும்னு தெரியல. கல்யாண ஓலையப் பாத்து முழுப் பேரா எழுதிட்டேன். அவரே கொண்டுபோய்ச் செயில்ல குடுத்தாரு. சிகாமணிக்குத் தெரியவேண்டாம், தெரிஞ்சா அவன் உள்ளயே கெடந்து சாவான், எனக்குப் பட்டது படட்டும், அவனாவது நிமிர்ந்து வரட்டும்னாரு. சாகிற வரைக்கும் யார்ட்டயும் சொல்லல. நாப்பத்திரெண்டு வருஷம் இவிய அவர்ட்ட பேனா கேட்டாவ. நானும் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். அதுதான் என் பாவம். கையெழுத்து இல்ல."

யாருடைய பெயரையும் அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. தைலத்தின் காரம் கண்ணில் ஏறியது. சரி அண்ணாச்சி. சரி அண்ணாச்சி. கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டு, மகள் மாமனார் பக்கத்தில் இருக்க, சரி அண்ணாச்சி. ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல், ஞானசிகாமணி என்று முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் போதும். கூப்பிடவில்லை.

ஐயர் கண்ணை மூடிக்கொண்டார். பெண்கள் தலைகுனிந்திருந்தார்கள், தலை நரைத்த ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். அவர்கள் ஜெபம் செய்யப் போகிறார்கள். சிகாமணி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். சாமியில்லை, சடங்கில்லை, செத்தவனுக்குச் சோறில்லை என்று ஆயிரம் மேடையில் சொன்ன வாய்தான் திறந்தது.

"எப்சிபா," என்றார். "மாடசாமிக்கு... பதினாறாம் நாள் காரியம் என்னைக்கு?"

"இன்னைக்குக் காலையில முடிஞ்சுட்டு," என்றாள்.